மாஸ்டரின் இதயம் இளைத்த கதை

மாஸ்டரின் உடற்பயிற்சிக் கூடத்தில் கூரையிலிருந்து ஓர் இரும்புத் தட்டு தொங்கும். எடை தூக்கும் கம்பியில் மாட்டுகிற பழைய தட்டு. விளிம்பில் கீறல் விழுந்ததும் அதற்குப் பணி ஓய்வு கொடுத்து, நடுத்துளையில் சங்கிலி கோத்து, மணியாகப் பதவி உயர்வும் கொடுத்திருந்தார். ஒருவனுடைய புஜம் கால் அங்குலம் கூடினாலும், மார்பு அரை அங்குலம் விரிந்தாலும், மாஸ்டர் அளவு நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கம்பித் துண்டு ஒன்றால் அந்தத் தட்டை ஓங்கி ஓர் அடி அடிப்பார். டங். அத்தனை பேரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டுவார்கள். கூடியதற்கு மட்டும்தான் டங். குறைந்ததற்கு ஒன்றும் கிடையாது. குறைந்தவன் தானாகவே தலையைக் குனிந்துகொண்டு, மூலையில் கிடக்கும் கயிற்றை எடுத்துத் தாண்டப் போய்விடுவான்.

அந்தத் தட்டை மாஸ்டர் தன் சொந்த இதயத்துக்காக அடித்த நாளிலிருந்துதான் இந்த வரலாறு தொடங்குகிறது.

அன்று காலை அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். விருப்பப்பட்டு அல்ல, மனைவி பிடுங்கியெடுத்ததால். மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்கிறார், நெஞ்சைத் தடவுகிறார் என்பது அந்த அம்மாளின் புகார். மாஸ்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கட்டடம் அப்படி. தரைத்தளத்தில் மனைவியின் தையல்கடை, அதற்குப் பின்னால் வீடு. முதல் மாடித் திருப்பத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து மாற்றுச் சாவி போடுகிற பெரியவர். உச்சியில் கூடம். போகிற வழியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் நின்று நாலு வார்த்தை பேசுவது மரியாதைதானே. ஒரு வருஷமாக அந்த மரியாதை கொஞ்சம் நீண்டுபோயிருந்தது, அவ்வளவுதான். சாவிக்காரரின் தலைக்கு மேல் தொங்கும் கடிகாரம் எந்தக் காலத்திலோ நின்றுபோனது. ஆகவே எவ்வளவு நேரம் பேசினோம் என்பது இருவருக்குமே தெரியாது.

ஆஸ்பத்திரியில் இருட்டறையில் படுக்கவைத்து, மார்பில் குளுகுளுவென்று எதையோ தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தினார்கள். திரையில் இதயம் சாம்பல் நிறத்தில் குதித்தது. பிறகு டாக்டரம்மா கூப்பிட்டார். ஆள் சின்ன உருவம். மாஸ்டரின் ஒரு தொடையும் அவரும் ஒரே எடை இருப்பார்கள். அவர் சொன்னது இது: இதயத்தின் இடது கீழறைச் சுவர் சாதாரணமாகப் பத்து மில்லிமீட்டர், மிஞ்சினால் பதினொன்று இருக்கும். உங்களுக்குப் பதினாறு. தசை அவ்வளவு தடித்திருக்கிறது.

அதற்குப் பிறகும் டாக்டரம்மா நிறைய நேரம் பேசினார். காகிதத்தில் படம்கூடப் போட்டார். ஆனால் மாஸ்டரின் காதுகள் அப்போதே ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

உடம்பும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. சாவிக்காரரிடம் வழக்கத்தைவிட நீண்ட மரியாதை செலுத்திவிட்டு, மேலே ஏறி, முகத்தில் ஒரு கம்பீரத்தை வரவழைத்துக்கொண்டு, கம்பித் துண்டை எடுத்தார்.

டங்.

“இதயம்,” என்றார் மாஸ்டர். “பதினாறு.”

 எழுந்த கைதட்டலில் சுவரிலிருந்த கண்ணாடி அதிர்ந்தது. கூடத்திலேயே பெரிய உடம்புக்காரன் ஒருவன் உண்டு. அகலத்தை உத்தேசித்து எல்லோரும் அவனை ‘பீரோ’ என்பார்கள். அவன் கண்கலங்க முன்னால் வந்தான். வெளியே தெரிகிற தசையை வளர்ப்பவர்கள் ஆயிரம் பேர். உள்ளே இருப்பதையும் வளர்த்தவர் ஒருவர்தான் என்ற அர்த்தத்தில் ஏதோ உளறினான். அது எந்தப் பயிற்சியில் வந்தது என்று இன்னொருவன் கேட்டான்.

“தனியா ஒண்ணும் பண்ணலப்பா,” என்று மாஸ்டர் அடக்கமாகச் சொன்னார். “தானா வந்துச்சு.”

எல்லோருக்கும் டீ சொன்னார். பீரோ தன் மார்பைக் குனிந்து பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

மாஸ்டருக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் அவர் சின்ன வயதில் எப்படி இருந்தார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவருக்கு ‘நூல்’ என்று பெயர். காற்றடித்தால் வகுப்பில் யாராவது ஒருவன் எழுந்து ஜன்னலைச் சாத்துவான். நூல் பறந்துவிடும் என்பதற்காக. உடற்பயிற்சி ஆசிரியர் எடைக்கருவியில் அவரை ஏற்றிவிட்டு, முள் நகராததைப் பார்த்து, கருவி கெட்டுவிட்டதாக மேலிடத்துக்குப் புகார் செய்தார். அந்த அவமானத்தில் பிறந்த வைராக்கியத்தோடு, கிடைத்ததை எல்லாம் தூக்க ஆரம்பித்தார் மாஸ்டர். செங்கல், அம்மிக்கல், தண்ணீர்த் தொட்டி, ஒரு சந்தர்ப்பத்தில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த தன் அக்கா. கல்யாணம்கூட அப்படி வளர்ந்ததில் விளைந்ததுதான். சட்டையின் தையலைப் பிரித்துப் பெரிசு பண்ணிக்கொடுக்கச் சொல்லி மாதம் ஒருமுறை ஒரு தையல்கடைக்குப் போனார். மூன்றாவது முறையே அந்தத் தையல்காரப் பெண், இவ்வளவு சிரமப்படுவதற்குத் தானே பக்கத்தில் இருந்து பிரித்துக்கொண்டே இருக்கலாமே என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை மேலே மாஸ்டர் உடம்புகளைப் பெருக்குவார், கீழே அந்த அம்மாள் சட்டைகளைப் பிரிப்பார். சந்தாவை நிறுத்திவிட்டு ஓடிப்போகிறவர்கள் கொஞ்ச நாளில் அதே சட்டையைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவருவார்கள். எப்படிப் பார்த்தாலும் குடும்பத்துக்கு நஷ்டமில்லை.

ஆக, வாழ்க்கையில் மாஸ்டர் அறிந்த தர்மம் ஒன்றே ஒன்று. கூடினால் நல்லது. குறைந்தால் மறுபடியும் நூல்.

டங் சத்தம் கீழே தையல்கடைக்கும் கேட்டது. இன்று யாருக்கு என்று, டீ வாங்க இறங்கி வந்த பையனை அந்த அம்மாள் விசாரித்தார். அவன் சந்தோஷமாகச் சொன்னான். அந்த அம்மாள் இயந்திரத்தை நிறுத்தி, ஊசியிலிருந்து நூலை உருவி, கத்தரிக்கோலை மூடி, எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துவைத்தார். இப்படி ஒழுங்காக எடுத்துவைத்தால் வீட்டில் பூகம்பம் வரப்போகிறது என்று அர்த்தம்.

மறுநாள் டாக்டரம்மாவின் எதிரே இரண்டு நாற்காலிகள் நிரம்பியிருந்தன.

இந்த முறை மாஸ்டர் கேட்டே ஆகவேண்டியிருந்தது. மனைவி அவர் முழங்கைச் சதையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். கவனம் சிதறினால் கிள்ளு விழும். டாக்டரம்மா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் புறப்படுகிற வாசலில் ஒரு வால்வு இருக்கிறது. அதற்கு மூன்று இதழ் இருக்க வேண்டும். மாஸ்டருக்குப் பிறவியிலேயே இரண்டுதான். இத்தனை வருஷத்தில் அந்த இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து படிந்து கல்லாகிவிட்டது. விரிய வேண்டிய வாசல், ஒரு பென்சில் நுழைகிற சந்தாகச் சுருங்கியிருக்கிறது. அந்தச் சந்து வழியாக ஒரு முழு உடம்புக்கான ரத்தத்தையும் தள்ளியாக வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும், தூங்கும்போதும்.

“அதனாலதான் தசை தடிச்சிருக்கு,” என்றார் டாக்டரம்மா. “அது பயிற்சியில வளந்த தசை இல்லைங்க. மூச்சு முட்டி வளந்த தசை.”

மாஸ்டர் விடுவதாக இல்லை. எப்படி வளர்ந்தால் என்ன, வளர்ந்தது பலம்தானே என்று வாதாடினார். பாரம் ஏற ஏறத் தசை ஏறும், இதைத்தானே நான் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றார். டாக்டரம்மா பொறுமையாகத் தலையாட்டினார். முதலில் பலம்தான், இத்தனை காலம் மாஸ்டரைக் காப்பாற்றியதே அந்தத் தடிப்புதான் என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலில் மாஸ்டர் மனைவியின் பக்கம் திரும்பி ஒரு வெற்றிப் பார்வை பார்த்தார். ஒரு கிள்ளு விழுந்தது.

“ஆனா இறுக்கறது பாதி வேலைதான்,” என்று டாக்டரம்மா தொடர்ந்தார். “மீதிப் பாதி தளர்றது. தளர்ந்தாத்தான் அடுத்த ரத்தம் உள்ள வர முடியும். உங்க இதயம் தளர்றதுக்கு மறந்துகிட்டே வருது. இப்போ இறுக்கறதுலயும் சலிப்பு தட்ட ஆரம்பிச்சிருக்கு. வால்வை மாத்தலைன்னா ஒரு நாள் அது கைவிட்டுடும்.”

மாற்றினால் என்ன ஆகும் என்று அந்த அம்மாள் கேட்டார். பாரம் அன்றைக்கே இறங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. அப்புறம் சில மாதங்களில் அந்தத் தடித்த தசை மெல்ல மெல்லக் குறையும். அப்படிக் குறைவதற்காகத்தான் ஆபரேஷனே. ரொம்ப நாள் தள்ளிப்போட்டால் தசைக்குள் தழும்பு விழுந்துவிடும். தழும்பு விழுந்த இடம் குறையாது, தளராது. ஆகவே சீக்கிரம்.

இதில் மாஸ்டரின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்: குறையும். அவர் எழுந்து சட்டைப் பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

“தசையைக் கரைக்கறதுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு டாக்டரம்மா,” என்றார். “வேலை வெட்டி இல்லாம படுத்துக் கிடந்தா போதாதா?”

வீட்டில் போர் மூண்டது. இருப்பதைக் கரைத்துவிட்டு மறுபடியும் நூலாக நான் வாழமாட்டேன் என்று மாஸ்டர் பிரகடனம் செய்தார். அந்த அம்மாள் பதிலுக்குக் கத்தவில்லை. கூடத்துக்காரர்களின் சட்டைகளைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார். இது எவ்வளவு பயங்கரமான ஆயுதம் என்று கொஞ்ச நாளில் ஊருக்கே தெரிந்தது. உடம்பு வளர்ந்துகொண்டேயிருக்க, சட்டை பிரிக்க ஆளில்லை. கக்கத்தில் கிழிந்தவர்களும் முதுகில் வெடித்தவர்களுமாகக் கூடத்து வீரர்கள் தெருவில் நடமாடினார்கள். பஸ்ஸில் கைப்பிடியைப் பிடிக்கக் கை தூக்கிய ஒருவனுக்குச் சட்டை இரண்டாகப் பிரிந்தது. சாவிக்காரர் நடுநிலை வகித்தார். இரு தரப்பும் அவரிடம் வந்து புலம்பின. அவர் இரு தரப்புக்கும் தலையாட்டினார்.

மாஸ்டர் மசியவில்லை. ஆனால் படியில் சாவிக்காரரிடம் செலுத்தும் மரியாதை வளர்ந்துகொண்டே போனது. பேச விஷயம் தீர்ந்து, சாவிக்காரரின் பேரப்பிள்ளைகளின் பல் முளைத்த வரிசைவரை விசாரித்துவிட்டார். ஒரு நாள் விசாரிக்க மூச்சும் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். சாவிக்காரர் எதுவும் கேட்காமல் தான் உட்கார்ந்திருந்த முக்காலியை நகர்த்திக் கொடுத்தார். அன்று முதல்முறையாக மாஸ்டருக்குப் பயமாக இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் பதினாறு மில்லிமீட்டர் இருக்கிறவன் பயப்படலாமா.

அந்த வாரமே அது நடந்தது. புதிதாகச் சேர்ந்த நாலு பேருக்கு எடை தூக்கும் முறையை மாஸ்டர் செய்துகாட்டினார். சின்ன எடைதான், மற்ற நாட்களில் செய்தித்தாளைப் பிரிப்பது மாதிரி தூக்கிவிடுவார். கம்பியைத் தோள்வரை கொண்டுவந்தார். உதட்டில் ஒரு புன்னகை வந்தது. பிறகு விளக்கையெல்லாம் யாரோ ஒரு துணியால் மூடியது போல அறை இருண்டது. கம்பி ஒரு பக்கமும் மாஸ்டர் ஒரு பக்கமுமாக விழுந்தார்கள்.

கண் திறந்தபோது பீரோ அவரை இரண்டு கையிலும் ஏந்தி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கூடம் முழுக்க நடந்துகொண்டிருந்தான். கால் வழுக்கிவிட்டது என்றார் மாஸ்டர். விரிப்பில் ஈரம் என்றார். பையன்கள் மரியாதைக்காக நம்பினார்கள். ஒருவன் போய், இல்லாத ஈரத்தைத் துடைக்கவும் செய்தான்.

நம்பாத ஒருத்தர் படியேறி வந்துகொண்டிருந்தார். கூரைக்கு மேலிருந்து வரும் டங் அத்தனைக்கும் பழகிய காது அது. இது டங் இல்லை, தொப் என்பது கீழேயே தெரிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து கூடத்தின் வாசலைத் தாண்டாத அந்த அம்மாள், கழுத்தில் அளவு நாடாவோடு உள்ளே நுழைந்தார். அரை டிராயரில் நின்றவர்கள் எல்லாம் துண்டைத் தேடி ஓடினார்கள்.

மாஸ்டர் விரிப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை. பீரோவைப் பார்த்தார்.

“இங்க வாப்பா. உன் வலது கையால உன் வலது தோளைத் தொடு.”

பீரோவின் முகம் மலர்ந்தது. கூடத்தின் புகழ்பெற்ற வித்தையே இதுதான். வெளியாள் யார் வந்தாலும் மாஸ்டர் அவனைக் கூப்பிட்டு இதைச் செய்யச் சொல்வார். கையை மடக்குவான், முன்கையும் புஜமும் நடுவழியிலேயே ஒன்றோடொன்று மோதி நின்றுவிடும், விரல்கள் தோளுக்கு ஒரு சாண் முன்னால் காற்றில் துழாவும். பார்த்தீர்களா, மடங்கக்கூட இடமில்லாத அளவுக்குச் சதை என்பார் மாஸ்டர். வந்தவர் அன்றே சந்தா கட்டிவிடுவார்.

பீரோ கையை மடக்கினான். மோதியது. நின்றது. பழக்கதோஷத்தில் இரண்டு பேர் கை தட்டினார்கள்; அந்த அம்மாள் திரும்பியதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

“முதுகு அரிச்சா என்ன பண்ணுவ?”

“கதவுல தேய்ச்சுக்குவேன்க்கா.”

“சட்டைக்கு மேல் பட்டன்?”

பீரோ தரையைப் பார்த்தான். மேல் பட்டன் ரகசியம் அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்தது. பெண் பார்க்கப் போனாலும் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாலும், போகிற வழியில் தையல்கடையில் நின்று, குழந்தை மாதிரி கழுத்தை நீட்டி, அக்காவிடம் போட்டுக்கொண்டு போவான். அதற்காகவே அவன் சட்டைகளில் பட்டனுக்குப் பதில் கொக்கி வைத்துத் தைத்துக்கொடுத்திருந்தார், அதுவும் எட்டவில்லை.

இப்போதுதான் அந்த அம்மாள் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

“இவ்வளவு சதை இருக்கு. கழுத்துக்கு ஒரு பட்டன் போட முடியல. இவனுக்காவது நான் இருக்கேன், போட்டுவிடறேன். உங்க நெஞ்சுக்குள்ள மடங்க முடியாம கிடக்கே ஒண்ணு, அதுக்கு யாருங்க போட்டுவிடுவா?”

 மாஸ்டர் பீரோவின் கையைப் பார்த்தார். எத்தனையோ ஆண்டுகளாகப் பெருமையோடு பார்த்த கைதான். இன்று முதல்முறையாக அந்த ஒரு சாண் தெரிந்தது. விரலுக்கும் தோளுக்கும் நடுவே எட்டாமல் போன அந்த இடம். அவர் தன் வலது கையை மெதுவாகத் தூக்கி, மடக்கி, தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தொட்டது. இன்னும் தொடுகிறது.

“டாக்டரம்மா எப்ப வரச் சொன்னாங்க?” என்றார்.

அந்த அம்மாள் கழுத்திலிருந்த நாடாவை எடுத்துச் சுருட்டினார். சுருட்டியதைப் பிரித்து, மறுபடியும் சுருட்டினார்.

ஆபரேஷன் நாளன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கு ஒரு மிரட்டல் தோற்றம் வந்துவிட்டது. கூடமே திரண்டு வந்திருந்தது. காவலாளி முதலில் ஏதோ தகராறு என்று நினைத்து விசிலை எடுத்தார். பிறகு எண்ணிக்கையைப் பார்த்து விசிலைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு நாற்காலிகளை ஒழுங்குபடுத்தினார். நாற்காலிகள் இவர்களில் கால் பங்குப் பேருக்குத்தான் போதுமாக இருந்தன. ரத்தம் கொடுக்க வரிசை நின்றது. தலைமை தாங்கிச் சென்ற பீரோ ஊசியைக் கண்ட மாத்திரத்தில் சரிந்தான். அவனைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. அந்த ஆறு பேருக்கும் அன்றைய பயிற்சி அதிலேயே முடிந்தது.

எந்த வால்வு என்பதில் முன்பே ஒரு விவாதம் நடந்திருந்தது. இரண்டு வகை உண்டு என்று டாக்டரம்மா விளக்கியிருந்தார். ஒன்று விலங்கின் திசுவில் செய்தது; சத்தம் போடாது, ஆனால் சில வருஷங்களில் தேய்ந்துவிடலாம். மற்றது இயந்திர வால்வு. நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும், அமைதியான அறையில் டிக் டிக் என்று கேட்கும். மாஸ்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரும்பில் வாழ்ந்தவனுக்கு இரும்புதான் பொருத்தம் என்றார். அது இரும்பில்லை, ஒருவகைக் கரி என்று டாக்டரம்மா சொன்னதும் முகம் கொஞ்சம் தொங்கியது. வைரமும் கரியில்தான் உண்டாகிறது என்று சாவிக்காரர் ஆறுதல் சொல்லிச் சரிக்கட்டினார்.

தாழ்வாரத்தில் அந்த அம்மாள் பையன்களின் கிழிந்த சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாங்கி, ஊசியும் நூலுமாகத் தைத்துக்கொண்டேயிருந்தார். வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்த அந்த வரிசையைப் பார்த்து, எதிர் அறையின் நோயாளிகள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசிச் சட்டை முடியும் நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். பழைய வால்வு நொறுங்குகிற கல் மாதிரி இருந்தது என்றார். புதிது நன்றாகத் திறந்து மூடுகிறது, முட்டுக்கட்டை போய்விட்டது.

“தசை?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. பாரத்தை இறக்கியாகிவிட்டது, ஆனால் இவ்வளவு வருஷம் திமிறிய தசை அதை நம்புவதற்கு நாளாகும் என்றார். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்திருக்கிறீர்கள், எவ்வளவு தழும்பு, எவ்வளவு தளரும் என்று இப்போது சொல்ல முடியாது, ஆறு மாதம் கழித்துப் படம் எடுத்துப் பார்ப்போம். அதுவரை நடை, ஓய்வு, மாத்திரை. எடையைத் தொடக்கூடாது.

வீடு திரும்பிய மாஸ்டருக்கு மனைவி இன்னொரு சட்டமும் போட்டார். படம் வரும்வரை மாடிப்பக்கம் திரும்பக்கூடாது. ஆக, மேலே டங் கேட்கும்போதெல்லாம் மாஸ்டர் கீழே தையல்கடையில் உட்கார்ந்து, யாருக்கு, எங்கே, எவ்வளவு என்று துடித்தார். தெருக்கோடிவரை நடந்தார், பிறகு இரண்டு தெரு, பிறகு பூங்காவைச் சுற்றி. நாளடைவில் மனைவிக்கு ஈடுகொடுத்து நடந்தார். ஒரு நாள் மனைவியை முந்தினார். அன்று வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாள் அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

எல்லா மகான்களுக்கும் ஒரு சறுக்கல் உண்டு. மாஸ்டர் பீரோவை மடக்கி, ஒரு சின்ன டம்பெல்லைத் துணிப்பொட்டலத்துக்குள் வைத்துக் கடத்திவரச் செய்தார். மனைவி பின்னறையில் துணி வெட்டும் நேரம். திரைக்கு இந்தப் பக்கம் மாஸ்டர் இரண்டே இரண்டு முறை, ஆசைக்கு, தூக்கினார். வீடு நிசப்தமாக இருந்தது. அந்த நிசப்தத்தில் டிக் டிக் என்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்த வால்வு, டிக்டிக் டிக்டிக் என்று ஓட ஆரம்பித்தது.

“கீழ வைங்க,” என்றது திரைக்கு அந்தப் பக்கம்.

மாஸ்டர் வாயை இறுக மூடிப் பார்த்தார். தலையணையை நெஞ்சில் அணைத்துப் பார்த்தார். இனி இந்த வீட்டில் தன்னால் எதையும் மறைக்க முடியாது, கடவுளே வால்வுக்குள் காவலாளி வைத்துவிட்டார் என்பது புரிந்தது. டம்பெல் அன்றே மேலே போனது. பீரோவுக்கு ஒரு வாரம் மேல் பட்டன் சேவை நிறுத்தப்பட்டது.

படம் எடுக்கிற நாள் வந்தது. முந்தின நாளிலிருந்தே மாஸ்டர் ஒன்றும் சாப்பிடவில்லை. வாழ்நாள் முழுக்க எத்தனையோ அளவுக்குக் காத்திருந்தவர், குறைய வேண்டும் என்று காத்திருந்தது இதுதான் முதல் தடவை. எப்படி வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. இருட்டறையில் படுத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் மனைவியின் முகத்தைப் பார்த்தார். டாக்டரம்மா கருவியை அங்கும் இங்கும் நகர்த்தி அளந்தார். மறுபடியும் அளந்தார். அந்த அம்மாள் கழுத்திலிருந்த நாடாவைக் கையில் முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டார்.

“பன்னெண்டு,” என்றார் டாக்டரம்மா.

மாஸ்டர் சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா அவரை மறுபடி படுக்கவைத்து, திரையைக் காட்டினார். முன்பு இறுகிப்போன முஷ்டி மாதிரி கிடந்த சுவர், இப்போது இறுகியது, பிறகு நிதானமாக விரிந்தது, அடுத்த ரத்தத்தை உள்ளே வாங்கிக்கொண்டது. கொஞ்சம் விறைப்பு இன்னும் இருக்கிறது, அது முழுக்கப் போகாமலும் இருக்கலாம் என்று டாக்டரம்மா உள்ளதைச் சொன்னார். ஆனால் இறுக்குகிற பலம் திரும்பிவிட்டது, தளர்கிற பழக்கமும் வந்துகொண்டிருக்கிறது.

“நீங்க இளைச்சிருக்கீங்க மாஸ்டர்,” என்றார். “நல்லா இளைச்சிருக்கீங்க.”

அறுபதை எட்டப்போகிற வயதில், அந்த வார்த்தையைக் கேட்டு மாஸ்டருக்குக் கண்ணில் நீர் முட்டியது. இந்த முறை அவமானத்தால் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வேகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆட்டோ நிற்பதற்குள் இறங்கினார். படிகளில் ஏறினார். முதல் திருப்பத்தில் சாவிக்காரர் முக்காலியை நகர்த்திவைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகள் பற்றிய புதுச் செய்திகளோடு தயாராக இருந்தார். மாஸ்டர் அவரைத் தாண்டிக்கொண்டு ஏறினார். நிற்கவில்லை. சுவரைப் பிடிக்கவில்லை. சாவிக்காரர் வாயைத் திறந்தபடி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். மாஸ்டர் கம்பித் துண்டை எடுத்தார். தூக்கினார். கை அந்தரத்தில் நின்றது. கூடியதற்கு மட்டும்தான் டங். அந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர். பதினாறிலிருந்து பன்னிரண்டு. முறைப்படி பார்த்தால் மூலைக் கயிற்றை எடுத்துத் தாண்டப் போக வேண்டும்.

பின்னால் ஒரு கை நீண்டு அந்தக் கம்பியை வாங்கிக்கொண்டது. அந்த அம்மாள் ஒரே பாய்ச்சலில் அவர் பின்னாலேயே ஏறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது அவருக்குத்தான். தட்டை ஓங்கி அடித்தார். டங்கென்று எழுந்த சத்தத்தில் கூரையிலிருந்து கொஞ்சம் காரை உதிர்ந்தது. தையல்காரியின் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று கூடத்தில் யாருக்கும் தெரியாது.

“நாலு மில்லிமீட்டர்,” என்று மாஸ்டர் கத்தினார். “குறைஞ்சிருக்கு.”

கை தட்டுவதா கூடாதா என்று ஒரு கணம் தடுமாறியவர்கள், பீரோ ஆரம்பித்து வைத்ததும் வெளுத்து வாங்கினார்கள். பீரோ ஓடிவந்து, தன் புஜத்தில் எத்தனை அங்குலம் குறைத்தால் தோளைத் தொடலாம் என்று ரகசியமாக விசாரித்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர் கீழே இறங்கி வந்தார். சாவிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே போட்டு முடித்த ஒரு சாவியை மறுபடியும் ராவிக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணே, கோபமா?”

“எனக்கென்ன கோபம்,” என்றார் சாவிக்காரர். “உடம்பு சரியாயிட்டா பழைய ஆளுங்க கண்ணுக்குத் தெரியாதுதானே. இத்தனை நாள் நான் சிநேகம்னு நினைச்சேன். அது மூச்சுத்திணறலாம்.”

மாஸ்டர் சிரித்தார். முக்காலியை இழுத்துப்போட்டு, எந்த அவசியமும் இல்லாமல், அவர் எதிரே உட்கார்ந்தார். பேரப்பிள்ளைகளின் பல் எண்ணிக்கையைக் கேட்டார். சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். மேலே கைதட்டல் ஓய்ந்திருந்தது; கீழே தையல் இயந்திரம் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. படிக்கட்டு அமைதியாக இருந்தது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு தலைக்கு மேல் தொங்கிய கடிகாரத்தை, எந்தக் காலத்திலோ நின்றுபோன அதை, நம்பமுடியாமல் அண்ணாந்து பார்த்தார்.

“அட,” என்றார். “ஓட ஆரம்பிச்சிருச்சே.”